நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

பல வருடங்கள் நான் 'கம்ஃபர்டேபிள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் பார்த்தால் கடைசியில் 'டேபிள்' முழுதாக உட்கார்ந்திருக்கிறது. கண் அதைப் பிடித்துக்கொண்டது, வாய் கண்ணை நம்பிவிட்டது. உண்மையில் அந்தச் சொல்லுக்கும் மேசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'கம்ஃபர்ட்' என்ற சொல்லோடு 'ஏபிள்' என்ற ஒட்டு சேர்ந்திருக்கிறது. நடுவில் நிற்கும் 'ட்' கம்ஃபர்ட்டுக்குச் சொந்தம். அந்த ஏபிளும் சேர்ந்த பிறகு 'அபிள்' என்று தேய்ந்துவிடும். ஆங்கிலேயர் வாயில் முழுச்சொல்லும் ஏறக்குறைய 'கம்ஃப்டபிள்' என்றுதான் வரும்.

நீளமான ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் தடுமாறுவதற்குக் காரணம், அதை மூன்று விதமாக வெட்டலாம் என்பதுதான். வாய் எத்தனை துண்டாக உச்சரிக்கிறது என்பது ஒன்று. அந்தத் துண்டுகளில் எதன்மேல் பாரம் விழுகிறது என்பது இன்னொன்று. பொருள் தரும் உறுப்புகள் எவை என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் வெட்டும் என்று நினைத்தால்தான் டேபிள் முளைக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. 'படித்தான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அதை ப-டித்-தான் என்று மூன்றாகச் சொல்கிறது. யாப்பில் அலகிட்டால் படித்-தான், அதாவது நிரை, நேர் என்று இரண்டே அசை. பகுபத உறுப்பிலக்கணப்படி படி + த் + த் + ஆன் என்று நான்கு. வாய் 'தான்' என்று ஒரே மூச்சில் சொல்வதற்குள் இடைநிலை 'த்' ஒன்றும் விகுதி 'ஆன்' ஒன்றும் ஒட்டிக்கிடக்கின்றன. கம்ஃபர்டபிளில் இருக்கும் 'ட்' செய்வதும் இதே வேலைதான். இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாய் ஒரே வீச்சில் சொல்லும் ஒரு துண்டை ஆங்கிலத்தில் சிலபிள் என்பார்கள், அதை அசை என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் யாப்பில் நிரையசைக்குள் இரண்டு சிலபிள் இருக்கும். குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க சிலபிள் என்றே எழுதுகிறேன்.

சரி, முதலில் சிலபிளை எண்ணுவோம். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல், எத்தனை முறை தாடை இறங்குகிறதோ அத்தனை சிலபிள் என்று ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை எல்லாம் அடித்துவிடுங்கள், ஆய்தத்தையும் சேர்த்து. மீதி எத்தனை எழுத்தோ அத்தனை சிலபிள்.

கம்ப்யூட்டர்: க, யூ, ட. மூன்று. ஹாஸ்பிட்டல்: ஹா, பி, ட. மூன்று. இன்ஃபர்மேஷன்: இ, ப, மே, ஷ. நான்கு. சிலபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு உயிர் ஒலி வேண்டும், நம் எழுத்திலோ புள்ளியில்லாத ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உயிர் இருக்கிறது. அதனால்தான் கணக்கு சரியாக வருகிறது. ஆங்கில எழுத்தை எண்ணினால் ஒன்றும் தெரியாது. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லில் ஆங்கில எழுத்துகள் ஒன்பது, ஆனால் சிலபிள் ஒன்றுதான்: 'ரெ' மட்டும் உயிரோடு இருக்கிறது, மற்றதெல்லாம் புள்ளி. 'ஏரியா'வுக்கு நாலே எழுத்து, சிலபிள் மூன்று.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேயர் சொல்வதுபோல் எழுதினால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். நாம் பழக்கத்தில் எழுதுவதுபோல் எழுதினால் சில சமயம் கூடுதலாகக் காட்டும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழின் விதி. அந்த விதி நாக்கிலும் ஊறிப்போனதால் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது, ஒரு சிலபிள் இரண்டாகிறது. மெய்கள் அடுத்தடுத்து நிற்பதும் நமக்குப் பிடிக்காது. ஒரே சிலபிள் உள்ள 'ஃபில்ம்' நம்மிடம் 'ஃபிலிம்' ஆகி இரண்டாகிவிடுகிறது. 'ரோட்' என்பதற்குக் கடைசியில் ஒரு உகரம் போட்டு 'ரோடு' என்கிறோம், அங்கேயும் ஒன்று கூடுதல். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கில எழுத்து மூன்று சிலபிள் காட்டும் ஒரு சொல்லை நாம் 'சாக்லெட்' என்று இரண்டாக எழுதுகிறோம். ஆங்கிலேயர் சொல்வதும் அப்படித்தான். அங்கே நம் எழுத்துதான் யோக்கியம்.

எத்தனை சிலபிள் என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் அகராதிகளே ஒத்துப்போவதில்லை. லெமன் என்பது லெ-மன் ஆ, லெம்-அன் ஆ? பேசுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, விட்டுவிடலாம்.

பேசுகிறவர் கவலைப்பட வேண்டியது பாரத்தைப் பற்றித்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சிலபிள் உள்ள எந்த ஆங்கிலச் சொல்லிலும் ஏதோ ஒரு சிலபிள் மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். அது நீளும், சத்தம் கூடும், சுருதி மாறும், உயிர் ஒலி துலக்கமாகக் கேட்கும். ஸ்ட்ரெஸ் என்பது இதுதான். நாம் தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கான மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்கள். குறில் என்றால் ஒன்று, நெடில் என்றால் இரண்டு, யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு சிலபிளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மற்றவற்றின் வயிற்றில் அடிக்கும்.

அடி வாங்கிய உயிர் என்ன ஆகிறது? அ, எ, ஒ என்று எழுத்து எதுவாக இருந்தாலும் சரி, பாரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு மங்கலான அகரமாகச் சுருங்கிவிடும். அதற்கு 'ஷ்வா' என்று பெயர். ஒலிக்குறியீடுகளில் தலைகீழாகத் திருப்பிய ஒரு ஆங்கில எழுத்தாக அதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குக் குற்றியலுகரம் தெரியும். 'நாடு' என்னும்போது கடைசி உகரம் முழுதாக ஒலிக்காமல் அரை மாத்திரையாகக் குறுகுகிறது. நம்மிடம் அது சொல்லின் கடைசியில் வரும் உகரத்துக்கு நேர்வது. ஆங்கிலத்தில் எந்த உயிருக்கும், சொல்லின் எந்த இடத்திலும் நேரும். பனானா என்ற சொல்லில் ஒரே எழுத்து மூன்று முறை வருகிறது. நடுவில் இருப்பது மட்டும் முழுதாக ஒலிக்கும், முன்னும் பின்னும் இருப்பவை ஷ்வா.

பெரும்பாலான அகராதிகள் பாரம் விழும் சிலபிளுக்கு முன்னால், மேல்பக்கமாக ஒரு சின்னக் கோடு போடும். நானும் அதையே போடுகிறேன். ஒரு குடும்பத்தைப் பாருங்கள்:

ˈஃபோடக்ராஃப்
ஃபˈடாக்ரஃபி
ஃபோடˈக்ராஃபிக்

ஒரே வேர்தான். புகைப்படத்தில் பாரம் முதல் சிலபிளில். அந்தக் கலையின் பெயரில் இரண்டாவதற்குப் போய்விட்டது. பெயரடையில் மூன்றாவதற்கு. பாரம் நகரும்போது உயிர் ஒலிகளும் கூடவே மாறுவதைக் கவனியுங்கள்: 'ஃபோ' இரண்டாவது வரியில் 'ஃப' ஆகச் சுருங்குகிறது, முதல் வரியில் செத்துக்கிடந்த 'ட' இரண்டாவதில் 'டா' என்று எழுந்து நிற்கிறது. நாம் மூன்றையும் 'ஃபோட்டோகிராஃப்' என்ற ஒரே அச்சில் வார்க்கிறோம். அதுவும் க்ராவை கிரா ஆக்கி, ஃபோட்டோகிராஃபி என்று ஐந்து சிலபிளாக. எதிரில் இருப்பவர் 'டாக்' என்ற ஓங்கலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், நாம் அதை அவருக்குக் கொடுப்பதே இல்லை. ஒருமுறை தொலைபேசியில் இந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லியும் புரியாமல், கடைசியில் கேமரா என்று சொல்லித் தப்பித்தேன். எழுத்து ஒவ்வொன்றையும் சரியாகத்தான் உச்சரித்தேன். பாரம்தான் தப்பு.

பாரம் எங்கே விழும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் வால் வருகிறது. சொல்லின் தொடக்கத்தைப் பார்த்தால் குறிப்பு கிடைக்காது, கடைசி ஒட்டைப் பாருங்கள்.

'ஷன்' என்று முடிந்தால் பாரம் அதற்கு முந்தைய சிலபிளில். எஜுˈகேஷன், இன்ஃபர்ˈமேஷன், கம்யூனிˈகேஷன். சொல் எவ்வளவு நீண்டாலும் இது மாறாது. 'இக்' என்று முடிந்தாலும் முந்தையதில்தான்: சயன்ˈடிஃபிக், எக்கˈனாமிக். 'இயன்' என்று முடிந்தாலும் அப்படியே: லைˈப்ரேரியன். 'இட்டி' என்று முடிந்தால் அந்த 'இ'க்கு முந்தையதில்: யூனிˈவர்சிட்டி, எலக்ˈட்ரிசிட்டி. லஜி, க்ரஃபி, க்ரசி என்று முடிபவற்றுக்கும் அதே கதி, அந்த வாலுக்கு ஒட்டி முன்னால் இருக்கும் சிலபிள் தூக்கிக்கொள்ளும்: பைˈஆலஜி, டிˈமாக்ரசி. இனி ˈடெமக்ராட், டிˈமாக்ரசி, டெமˈக்ராட்டிக் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஃபோடக்ராஃப் குடும்பம் ஆடிய அதே ஆட்டம். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது இலவசம்.

சில வால்கள் பாரத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும். ரெஃப்யூˈஜீ, ஜப்பˈனீஸ், வாலண்ˈடியர் போன்றவை.

இன்னும் சில வால்கள் எதையும் தொடாது. னெஸ், லெஸ், ஃபுல், லி, மென்ட், இங். இவை ஒட்டினாலும் பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ˈகேர், ˈகேர்லெஸ், ˈகேர்லெஸ்னெஸ். டிˈவெலப், டிˈவெலப்மென்ட். கடைசிச் சொல்லை நம்மில் பெரும்பாலோர் 'டெவலப்' என்று முதல் சிலபிளில் அழுத்துகிறோம், அது இரண்டாவதில் விழ வேண்டியது.

ஏன் இப்படி இரண்டு ஜாதி வால்கள்? ஆங்கிலத்தின் வரலாறுதான் காரணம். அடிப்படையில் அது ஜெர்மானிய மொழி. அந்தக் குடும்பத்தில் பாரம் பொதுவாக வேர்ச்சொல்லின் முதல் சிலபிளில் விழும், பின்னால் என்ன ஒட்டினாலும் அசையாது. னெஸ், லெஸ், ஃபுல் எல்லாம் அந்தப் பழைய வீட்டுப் பிள்ளைகள். 1066இல் நார்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் நுழைந்தன, பிற்பாடு அறிஞர்கள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஷன், இக், இட்டி எல்லாம் அவர்களோடு வந்தவை. பாரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து எண்ணி வைக்கும் பழக்கத்தையும் அவை கூடவே கொண்டுவந்துவிட்டன. மென்ட் மட்டும் பிரெஞ்சிலிருந்து வந்தும் பழைய வீட்டு வழக்கத்துக்குப் பழகிப்போனது.

விதிவிலக்குகள் உண்டு. ˈஅரபிக், ˈபாலிட்டிக்ஸ், ˈகாத்தலிக் ஆகியவை 'இக்' விதியை மதிப்பதில்லை. ˈடெலிவிஷன் 'ஷன்' விதிக்கு அடங்குவதில்லை. இவை கொஞ்சம்தான், மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

வாலே இல்லாத இரண்டு சிலபிள் சொற்களில் பாரம் வேறொரு வேலை செய்யும். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று காட்டும். பதிவு என்ற பெயராக இருந்தால் ˈரெக்கார்ட், பதிவு செய் என்ற வினையாக இருந்தால் ரிˈகார்ட். எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ˈஇம்போர்ட் - இம்ˈபோர்ட், ˈபெர்மிட் - பெர்ˈமிட் எல்லாம் இதே வகை. எல்லாச் சொற்களும் இப்படி ஜோடி போடுவதில்லை, போடுபவை இந்தத் திசையில்தான் போகும்.

அப்புறம் மூன்றாவது வெட்டு, பொருள் வெட்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில்தான் சொல்லின் ஜாதகம் தெரியும். ஹெலிகாப்டரை எப்படிப் பிரிப்பீர்கள்? ஹெலி + காப்டர் என்றுதானே. ஆங்கிலம் பேசுவோரும் அப்படித்தான் பிரித்தார்கள். ஹெலிபோர்ட், ஹெலிபேட் என்று புதிய சொற்கள் பிறந்தன, 'காப்டர்' தனியாகவும் கிளம்பிவிட்டது. ஆனால் 1861இல் பிரான்ஸில் இந்தப் பெயரை உருவாக்கியவர் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார்: திருகு போன்ற சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்'. அதாவது ஹெலிகோ + ப்டர், திருகுச்சிறகு. பறக்கும் பழங்கால ஊர்வனவான டெரோடாக்டைலிலும் அதே 'ப்டெரான்' இருக்கிறது. அங்கே அந்த 'ப்' எழுத்தில் மட்டும் உண்டு, ஒலிக்காது. ப்ட் என்று சொல்லைத் தொடங்க ஆங்கிலேயருக்கு நாக்கு வளையாது, நமக்கு ஸ்கூல் வளையாததுபோல. ஹெலிகாப்டரில் மட்டும் ஏன் ஒலிக்கிறது? அங்கே சிலபிள் வெட்டு அந்த இரண்டு மெய்களுக்கும் நடுவில் விழுகிறது: காப்-டர். 'ப்' முந்தைய சிலபிளில் போய் ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது. பொருள் வெட்டைக் காவு கொடுத்துத்தான் அந்த ஒலி உயிர் வாழ்கிறது.

ஹாம்பர்கர் கதையும் இதே ரகம். ஹாம்பர்க் என்பது ஜெர்மன் நகரம், 'அர்' என்பது அந்த ஊரைச் சேர்ந்தது என்று காட்டும் ஒட்டு. ஹாம் என்றால் பன்றி இறைச்சி என்பதால் காது ஹாம் + பர்கர் என்று வெட்டிவிட்டது. இன்று பர்கர் தனிச்சொல்.

முன்னொட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 'இன்' என்று தொடங்கினால் 'இல்லை' என்று பொருள் என்று சொல்லித்தந்திருப்பார்கள். இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று நம்பினால் ஆபத்து. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அங்கே 'இன்' எதிர்மறை ஒட்டு இல்லை, இன்ஃப்ளேம் என்ற வினையின் பாகம். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் எச்சரிக்கைப் பலகைகளில் வெறும் ஃப்ளேமபிள் என்று எழுதுகிறார்கள். இன்னொன்று: ˈஃபேமஸ் என்றால் புகழ்பெற்றவர், அதற்கு முன்னால் 'இன்' போட்டால் கெட்டபெயர் எடுத்தவர். அப்போது பாரம் 'இன்'மேல் ஏறி, ˈஇன்ஃபமஸ் ஆகிவிடும். 'ஃபேம்' காதில் விழவே விழாது. எழுத்தைப் பார்க்காமல் கேட்டால் இரண்டும் உறவு என்றே தெரியாது.

உறுப்புகள் எந்த வரிசையில் ஒட்டின என்பதும் முக்கியம். தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் வலப்பக்கமாக மட்டும் வரிசையாக ஏறும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் ஏறும், அதனால் எது முதலில் ஏறியது என்ற கேள்வி வரும். 'அன்லாக்கபிள்' என்ற சொல்லைப் பாருங்கள். லாக்கபிள் முதலில் உருவாகி அதற்கு 'அன்' சேர்ந்தால், பூட்டவே முடியாதது. அன்லாக் முதலில் உருவாகி அதற்கு 'அபிள்' சேர்ந்தால், பூட்டைத் திறக்கக்கூடியது. ஒரே சொல், ஏறக்குறைய எதிரெதிர் பொருள்.

வரிசை தெரிந்தால் பூதாகாரமான சொல்லும் அடங்கிவிடும். ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம். ஆங்கிலத்தில் 28 எழுத்து. புள்ளிக் கணக்குப்படி எண்ணினால் சிலபிள் 12. உள்ளே எஸ்டாப்ளிஷ், நிலைநாட்டுவது. மென்ட் சேர்ந்து, அரசோடு இணைந்த திருச்சபை என்ற ஏற்பாடு. டிஸ் சேர்ந்து, அந்த ஏற்பாட்டைக் கலைப்பது. ஏரியன் சேர்ந்து, கலைக்க வேண்டும் என்பவர். ஆன்டியும் இசமும் சேர்ந்து, அவரை எதிர்க்கும் கொள்கை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்கலாமா என்று நடந்த விவாதத்தோடு சேர்ந்த சொல் இது. பாரம்? வாலைப் பாருங்கள். இசம் எதையும் தொடாது. அதற்கு முன்னால் 'இயன்' இருக்கிறது, லைˈப்ரேரியனில் பார்த்தோமே, அதற்கு முந்தைய சிலபிள். ஆக 'டே'.

அகராதியில் தலைச்சொல்லின் நடுவே புள்ளிகள் இருக்கும், அவைதான் சிலபிள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் அச்சுக்காரருக்கானவை. வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுகின்றன, அவ்வளவுதான். அமெரிக்க அகராதிகள் பெரும்பாலும் ஒலியைப் பார்த்து உடைக்கும், பிரிட்டிஷ் மரபு வேரைப் பார்த்து உடைக்கும். 'லெஜண்ட்ஸ்' என்ற சொல்லை விதிப்படி உடைத்தாலே முதல் வரியில் 'கால்' என்ற சொல்லும் அடுத்த வரியில் 'முனைகள்' என்ற சொல்லும் தெரியும். கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஃபிராங்க் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் ஆய்வில், எங்கே உடைக்கலாம் எங்கே கூடாது என்று காட்டும் 4447 எழுத்துக்கோவைகளைத் தொகுத்தார். கணினி அறிஞர் டானல்ட் கனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் அவற்றைத்தான் பயன்படுத்தியது. ஆனாலும் ரெக்கார்ட் போன்ற சொல்லில் எந்த இயந்திரமும் விழிக்கும். பெயர்ச்சொல் என்றால் ஒரு இடத்தில் உடைக்க வேண்டும், வினைச்சொல் என்றால் இன்னொரு இடத்தில். பாரம் விழுந்த குறில் அடுத்த மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் வந்த வினை.

இனி நீங்களே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஆங்கில அகராதிகளில் இருக்கும் மிக நீளமான சொற்களில் ஒன்று, 45 எழுத்து:

ந்யூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்.

புள்ளிகளை அடித்தால் 19 சிலபிள் கிடைக்கும். ந்யூமோனோ நுரையீரல், அல்ட்ராமைக்ரோஸ்காபிக் நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு நுண்ணியது, சிலிகோ சிலிகா, வால்கேனோ எரிமலை, கோனி தூசு, ஓசிஸ் நோய்நிலை. தொடக்கத்தில் டெரோடாக்டைல் போலவே ஒலிக்காத ஒரு 'ப்' எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஓசிஸ் என்ற வால், பாரத்தைத் தன் 'ஓ'விலேயே வாங்கிக்கொள்ளும், ஆக கோனிˈயோசிஸ். 1935இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர்களின் சங்கத் தலைவர் ஒருவர், நீளத்துக்காகவே ஒட்டிச் செய்த சொல் இது. சிலிகா தூசால் வரும் நுரையீரல் நோயை மருத்துவர்கள் நான்கே சிலபிளில் சொல்லிவிடுகிறார்கள்: சிலிˈகோசிஸ்.